ஏகாதசியும் மூன்று ஸ்பூன் நெய்யும்

பத்மஜாவுக்குக் கோபம் வந்தால் முதல் ஆபத்து அடுக்களைக்குத்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு உள்ளே போய், நெய் ஜாடி, தேங்காய் எண்ணெய்த் தூக்கு, நல்லெண்ணெய் பாட்டில், ஃபிரிட்ஜில் இருந்த வெண்ணெய் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வரிசையாக நிறுத்தினாள். கணவர் ஸ்ரீனிவாசன் பேப்பரை மடக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னடீ இது, எக்ஸிபிஷனா?”

“இனிமே இந்த ஆத்துல ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கேட்டேளா? தாளிக்கறதுக்குக்கூட.”

“அப்பளாம்?”

“காஸ்ல காட்டிச் சுட்டுத் தரேன்.”

ஸ்ரீனிவாசன் டிரஷரி ஆபீசில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். எந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பேசாமல் திரும்பிப் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

கோபம் யார்மேல் என்று கேட்டால், தன்மேலேதான். அவளுடைய அண்ணா வெங்கிடேஷுக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. கரமனையில் இவர்கள் இருப்பதற்கு அடுத்த தெருவில்தான் வீடு, செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர் உத்தியோகம். சிகரெட்டைத் தொட்டதில்லை, சாராயக்கடை இருக்கிற பக்கம் திரும்பியதில்லை. அவர் தொட்டதெல்லாம் கான்டீனில் எண்ணெயில் பொரித்தெடுக்கிற பழம்பொரியும், தினம் எட்டுத் தடவை இரண்டு ஸ்பூன் சீனி போட்ட காபியும்தான். வருஷக்கணக்கில் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, சேர்ந்த இடம் புண்ணாகி, புண் தழும்பாகி, கடைசியில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊர் சும்மா இருக்குமா? குடிக்காதவனுக்கு ஈரல் எப்படிப் போகும், ரகசியமாக ஊற்றிக்கொண்டிருப்பான் என்று தெருமுனையில் நாலு பேர் பேசினார்கள். பேசினவர்கள் வீட்டுக் கல்யாணத்திலெல்லாம் வெங்கிடேஷ் பந்தி பரிமாறியிருக்கிறார். அந்தப் பேச்சு அவர் மனைவி வாலாம்பாள் காதில் விழுந்ததிலிருந்து, அவள் தெருவில் நிமிர்ந்து நடப்பதையே விட்டுவிட்டாள்.

வேறு ஈரல் வைப்பது ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கான லிஸ்டில் பேர் பதிந்தாயிற்று. அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பாகத்தைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும் என்றார்கள். வாலாம்பாளின் ரத்தம் சேரவில்லை. பையன் பத்தாம் கிளாஸ் படிக்கிறான். மிச்சம் இருப்பது கூடப்பிறந்த ஒரே தங்கை, நாற்பத்து மூன்று வயதுப் பத்மஜா.

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ரத்தம் சேர்ந்தது. இதயம், கிட்னி எல்லாம் பாஸ். கடைசி ஸ்கேனில்தான் மாட்டிக்கொண்டாள்.

“உங்க ஈரல்ல பதினெட்டு சதவீதம் கொழுப்பு இருக்கு,” என்று சர்ஜன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “பத்துக்குக் கீழே வராம நான் கத்தியைத் தொடமாட்டேன். உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் பிரயோஜனம் இல்லை. எட்டு வாரம் டைம். அதுக்கு மேல உங்க அண்ணாவால காத்திருக்க முடியாது.”

போகும்போது டயட்டீஷியனைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். பத்மஜா பார்க்கவில்லை. கொழுப்பைக் குறைக்க ஒருத்தி எனக்குச் சொல்லித் தரணுமா என்று அவளுக்கு ஒரு எண்ணம். அண்ணாவைத் தின்றுகொண்டிருக்கிற அதே கொழுப்பு தன் வயிற்றுக்குள்ளும் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்து எண்ணெய்ப் பாத்திரங்களை வரிசையில் நிறுத்தினாள்.

நெய்யும் எண்ணெயும் கோவில் விளக்குக்குப் போயின. மறுநாளிலிருந்து சமையல் எல்லாம் அவித்ததும் வேகவைத்ததும்தான். கடுகு தாளிக்காத ரசம், தேங்காய் போடாத தோரன். தேங்காய் இல்லாவிட்டால் அது வெறும் வெந்த காய், தோரன் என்று பேர் மட்டும் மிச்சம் இருந்தது. மோரில் ஆடை எடுத்து, பாலில் ஆடை எடுத்து, தேங்காயை வீட்டுக்குள் விடாமல், தன்னையும் வாட்டி ஸ்ரீனிவாசனையும் வாட்டினாள். கிழக்கேகோட்டையில் அவள் வேலை பார்க்கும் கூட்டுறவு சங்க ஆபீசுக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு, கிள்ளிப்பாலம் வழியாக நடந்தே போனாள். போதாததற்கு நேர்ச்சை வேறு. ஆபரேஷன் முடியும்வரை எல்லா ஏகாதசியும், எல்லாச் சனிக்கிழமையும் விரதம் இருப்பதாகப் பத்மநாபனிடம் வேண்டிக்கொண்டாள். ஒன்றைப் பிடித்தால் விடுகிற பிறவி இல்லை அது.

நாலு மணி ஆனால் பசியில் கை நடுங்கும். ஆபீசில் ரசீது எழுதும்போது எழுத்து கோணும். இரண்டு பழத்தைத் தின்றுவிட்டுச் சமாளிப்பாள். பழம்தானே, எண்ணெயா என்ன என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

நாலு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். எழுபத்தொன்பது கிலோ எழுபத்தெட்டு ஆகியிருந்தது. ஈரலில் கொழுப்பு பதினேழு.

சர்ஜன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பத்மஜாவுக்கு. “பாதி நாள் போயாச்சு,” என்று மட்டும் சொன்னார். அன்று வெங்கிடேஷும் அதே ஆஸ்பத்திரியில்தான் வயிற்று நீரை எடுக்கப் படுத்திருந்தார். பத்மஜா போய் எட்டிப் பார்த்தாள். கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் பெரிதாகி, கண் மஞ்சளாகிக் கிடந்த அண்ணா அவளைப் பார்த்து, “என்னாச்சு, பாஸா?” என்று கேட்டார். சின்ன வயதில் பரீட்சை ரிசல்ட் வரும்போது கேட்கிற அதே கேள்வி.

“கொஞ்சம் பாக்கி இருக்குண்ணா,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், காரிடாரில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேரே டயட்டீஷியன் அறைக்கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருந்தவள் பேர் ராகேல். தமிழ் எல்லையோரம் பாறசாலைப் பக்கத்துப் பெண், வயது முப்பதுகூட இருக்காது. மலையாளத்தில் தொடங்கினவள், பத்மஜாவின் பேச்சைக் கேட்டதும் சட்டென்று தமிழுக்கு மாறிவிட்டாள்.

“இருங்க அக்கா. நேத்து என்ன சாப்பிட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க.”

“ஒண்ணும் சாப்பிடலே. நேத்து ஏகாதசி.”

“பச்சத்தண்ணிகூட இல்லியா?”

“அது குடிச்சேன்.”

“பின்ன?”

“பின்னே என்ன, பலகாரம்தான்.”

ராகேல் பேனாவை எடுத்தாள். “அந்தப் பலகாரத்த ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் எழுதிக்கிடுறேன்.”

பத்மஜா சொன்னாள். காலையில் காபி, அப்புறம் அவித்த ஏத்தம்பழம், அந்தப் பெரிய நேந்திர வாழை, இரண்டு. பத்து மணிக்கு ஆரஞ்சு ஜூஸ், தலை சுற்றாமல் இருக்க. மத்தியானம் கோதுமை ரவை உப்புமா, எண்ணெய் இல்லாமல். எவ்வளவு என்று ராகேல் கேட்டாள். ஒரு வேளைதானே என்று இரண்டு தட்டு. நாலு மணிக்கு வெல்லம் போட்டு நனைத்த அவல் ஒரு கிண்ணம். தேங்காய் போடவில்லை என்பதை அழுத்திச் சொன்னாள். ராத்திரி ஜவ்வரிசிக் கஞ்சி, சீனி போட்டு. சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அந்தத் தெருக்களில் அது அப்படித்தான். அரிசிச் சாதம் வயிற்றுக்குள் போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். பலகாரத்தைச் சாப்பாட்டில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. விரதம் என்று சொல்லிக்கொண்டு விடியற்காலையிலிருந்து அடுப்பை அணைக்காமல் இருக்கிற வீடுகள் அங்கே எத்தனையோ உண்டு.

ராகேல் அதற்கு முந்தின நாள் கணக்கையும் கேட்டு எழுதி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “பாருங்க அக்கா. சாதாரண நாள்ல சாப்பிடுறதவிட விரத நாள்ல ஒண்ணரை மடங்கு கூட. அத்தனையும் மாவும் சீனியும். மாசத்துல எத்தன நாள் விரதம்?”

“ஏகாதசி ரெண்டு. சனிக்கிழமை நாலு,” என்றாள் பத்மஜா. “ஆனா எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. சத்தியமா.”

“எண்ணெய்தான் நேரே போய் ஈரல்ல ஒட்டிக்கிடும்னு நினைச்சிட்டீங்க. ஈரல் அப்படி இல்ல. மாவும் சீனியும் தேவைக்கு மேல வந்தா, அதுவே அத எடுத்துக் கொழுப்பாக்கி உள்ள வச்சுக்கிடும். எண்ணெய் கூடினாலும் தடிக்கத்தான் செய்யும், நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா நீங்க அத ஒட்டுமொத்தமா நிறுத்தினீங்க. வயிறு நிக்கல்ல. அந்த எடத்துல பழமும் அவலும் வந்து உக்காந்துட்டு.”

“அப்போ நாலு வாரம் வெறுதேயா?” என்று கேட்டாள் பத்மஜா. “நாக்கைக் கட்டி, வாயைக் கட்டி, அங்கே அண்ணா படுத்துண்டிருக்கான்.”

“நடந்தீங்கல்லா, அது வெறுதே இல்ல. இன்னும் நாலு வாரம் இருக்கு.” ராகேல் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். “முட்டை?”

“சிவ சிவா.”

“மீன்?”

பத்மஜா பார்த்த பார்வையில் ராகேல் சிரித்துவிட்டாள். “சரி, கேட்டது தப்பு. உங்க அடுக்களைக்குள்ளயே பாப்போம்.”

பார்த்தார்கள். ஒரு மணி நேரம் இரண்டு பெண்களும் மீன் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி பேசினார்கள். சாதம் ஒரு நேரம், ஒரு பிடி. தட்டில் பாதி காய். பருப்பு, பயறு, தயிர், பனீர் வயிறு அடங்குகிற அளவு. நாலு மணிக்கு ஒரு சின்னப் பிடி நிலக்கடலை. நெய்யோ எண்ணெயோ ஒரு நாளைக்கு மூன்று சின்ன ஸ்பூன், அளந்து, ஒரு சொட்டு கூடாமல், ஆனால் அந்த மூன்றைக் குறைக்காமலும். சீனி, வெல்லம், ஜூஸ், ஏத்தம்பழம் எதுவும் ஆபரேஷன் முடியும்வரை கூடாது.

“விரதமும் வேண்டாம் அக்கா.”

“அது நேர்ச்சையாக்கும்.”

“எங்க சபையிலயும் உபவாசம் உண்டு,” என்றாள் ராகேல். “ஜெபம் முடிஞ்சு வெளிய வந்தா வாசல்ல கப்பைக் கிழங்கும் கறியும் வச்சிருப்பாங்க. எனக்க அம்மை மூணு தட்டு சாப்பிடுவா. நான் யாரையும் குத்தம் சொல்லல்ல. பட்டினி கிடந்தாலும் உங்களுக்கு ஆகாது, சத்து போயிரும், அப்புறம் கத்தி வைக்க முடியாது. நீங்க தினமும் இந்தத் தாள்ல உள்ளத மட்டும் சாப்பிடணும். சாமிகிட்ட நீங்களே பேசிக்கிடுங்க.”

அன்று சாயங்காலமே பத்மஜா பேசிவிட்டாள். பத்மநாபன் கோவிலில் ஒற்றைக்கல் மண்டபத்தின் முன்னால் நின்று, மூன்று வாசல் வழியாகத் தெரிகிற பள்ளிகொண்ட பெருமாளைத் தலையிலிருந்து பாதம்வரை பார்த்தாள். பத்மநாபா, இத்தனை நாள் உன்னை ஏமாத்திண்டிருந்தேன், தெரியாமப் பண்ணினேன் என்று மனசுக்குள் சொன்னாள். இப்போ விரதம் இருக்க எனக்கு உத்தரவு இல்லே. அதுக்குப் பதிலா, தித்திப்புன்னு ஒண்ணு நாக்குல படாது. அண்ணாவுக்கு நான் கொடுத்தப்புறம், ஒரு ஏகாதசி நிஜமா இருக்கேன், தண்ணிகூட இல்லாம. அதுவரை நீ பொறுத்துக்கணும். பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

திரும்பி வருகிற வழியில் கால் கிலோ நெய் வாங்கினாள். வீட்டில் ஸ்ரீனிவாசன் நெய்யைப் பார்த்துவிட்டு, “சுவாமிக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்கிண்டு வந்துட்டயா?” என்றார்.

“கேலி பண்ணாதேங்கோ. உங்க இருமல் மருந்து மூடி எங்கே?”

அந்த மூடியில் ஐந்து மில்லி என்று கோடு போட்டிருந்தது. அடுத்த நாலு வாரமும் அந்த வீட்டில் நெய்க்கு அதுதான் அளவு. காலையில் ஒரு மூடி, மத்தியானம் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி.

முதல் மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. சாதத்தைப் பார்த்தால் கண்ணில் நீர் வந்தது. நாற்பத்து மூன்று வருஷம் சாதம் சாப்பிட்ட உடம்பு, விட்டுக்கொடுக்குமா? நாலாம் நாள் சாயங்காலம் ரசீது எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. மணி நாலரை ஆகியிருந்தது, பசியின் ஞாபகமே வரவில்லை. ஆபீசில் யாரோ பிறந்தநாள் கேக்கை நீட்டினார்கள். இன்னொருத்தி வெல்லம் போட்டு வீட்டில் செய்த உண்ணியப்பம் கொண்டுவந்தாள். பத்மஜா எல்லாவற்றையும் கையில் வாங்கி அடுத்த மேஜைக்குத் தள்ளினாள். காலையில் நடந்து போனவள் சாயங்காலமும் நடந்தே திரும்ப ஆரம்பித்தாள்.

இப்படி இரண்டு வாரம் ஓடியபோதுதான் அந்த ஏகாதசி வந்தது.

லீவு நாள். மத்தியானம் பத்மஜா தட்டில் பனீரும், பயறும், பீன்ஸ் தோரனும் வைத்து, மேலே ஒரு மூடி நெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது வாலாம்பாள் உள்ளே வந்தாள். வெளுத்துப்போன புடவை, கையில் ஒரு தூக்குப்பாத்திரம். வெங்கிடேஷுக்காக அவளும் ஏகாதசி விரதம் இருக்கிறாள். நைவேத்தியம் செய்த வெல்ல அவலை நாத்தனாருக்குக் கொடுக்க வந்திருந்தாள்.

“பத்மூ, பிரசாதம்,” என்று ஆரம்பித்தவள், தட்டைப் பார்த்தாள். பக்கத்தில் திறந்திருந்த நெய் ஜாடியைப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஏகாதசியில்லியோ?”

“ஆமா மன்னி. டயட்டீஷியன் சொன்னதாக்கும். விரதம் கூடாதாம், நெய் கொஞ்சம் வேணுமாம்.” சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாகக் கேட்கிறது என்று பத்மஜாவுக்கே தெரிந்தது.

வாலாம்பாள் தூக்கின் மூடியைத் திறந்தாள். “ஒரு வாய். அவருக்காக வேண்டிண்டு பண்ணினது.”

வெல்லமும் ஏலக்காயும் மணத்தது. பத்மஜா ஒரே ஒரு அவலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓரமாக வைத்தாள். “கோவிச்சுக்காதேங்கோ மன்னி. இப்போ என்னால முடியாது.”

வாலாம்பாள் ஓரமாக வைத்த அந்த ஒற்றை அவலைப் பார்த்தாள். பேசினபோது குரல் உயரவே இல்லை. “நெய் சாப்பிட முடியறது. பிரசாதம் சாப்பிட முடியலே. இங்கே பாரு பத்மூ, உனக்குப் பயமா இருந்தா அதுல தப்பே இல்லே. வயத்தைக் கிழிக்கறதுன்னா யாருக்கும் பயம்தான். கொடுக்க மனசில்லேன்னா நேரே சொல்லியிருக்கலாம். இப்படிச் சாப்பிட்டு சாப்பிட்டு, டாக்டர் வாயால வேண்டாம்னு சொல்ல வைக்க வேண்டாம்.”

பத்மஜாவுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. மாவு, சீனி, ஈரல், ராகேல் எழுதிய இரண்டு தாள். ஆனால் எதிரே நின்றவள் இரண்டு மாசமாகத் தூங்காதவள், தெரு முழுக்கப் பேசின பேச்சைத் தலையில் சுமப்பவள். அவளிடம் போய் நெய்க்கு வக்காலத்து வாங்குவதா?

“ரெண்டு வாரம் கழிச்சு நான் பதில் சொல்றேன் மன்னி,” என்று மட்டும் சொன்னாள்.

வாலாம்பாள் தூக்கை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பத்மஜாவின் கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளத்தான் மனசு சொன்னது. படுத்தால் யாருக்கு என்ன லாபம்? பனீர் ஆறிப் போயிருந்தது. அழுதுகொண்டே ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் வெங்கிடேஷ் ஃபோன் பண்ணினார். பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது.

“வாலா என்னமோ சொன்னா. அதை மனசுல வச்சுக்காதே. பத்மூ, கட்டாயம் ஒண்ணும் இல்லே, கேட்டியா? உனக்கும் ஒரு குடும்பம் இருக்கு.”

“அண்ணா, நீ பேசாம படு. நான் சாப்பிடறது எனக்கில்லே, உனக்காக்கும்.”

அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. “அப்போ கொஞ்சம் காரமாச் சாப்பிடு,” என்றார். “ஆறு மாசமா உப்பில்லாம தின்னுண்டிருக்கேன்.”

இனி கேட்கவா வேண்டும்? மிச்ச இரண்டு வாரமும் பத்மஜா ஒரு அரிசிமணி கூட்டவில்லை, ஒரு சொட்டு நெய் குறைக்கவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் குடை கம்பி முறிந்தது, நனைந்துகொண்டே நடந்தாள். புடவைப் பாவாடை நாடாவை இரண்டு விரல் உள்ளே இழுத்துக் கட்ட வேண்டி வந்தது. பழைய பிளவுஸ் தோளிலிருந்து வழிந்தது. ஸ்ரீனிவாசன் ஒன்றும் கேட்காமல் ராத்திரி அவளோடு பயறு சாப்பிட்டார். அவர் காட்டிய அன்பில் அதுதான் பெரிசு, மனுஷனுக்குப் பயறு பிடிக்கவே பிடிக்காது.

எட்டாவது வாரம் ஸ்கேன். வாலாம்பாளும் வந்திருந்தாள், பத்மஜாவின் முகத்தைப் பார்க்காமல் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். சர்ஜன் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். ராகேலும் அங்கே ஃபைலோடு நின்றுகொண்டிருந்தாள்.

“எடை எழுபத்திரண்டரை,” என்றார் சர்ஜன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தது போதாமல் பழைய படத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தார்.

“கொழுப்பு எட்டு.”

“எட்டுன்னா?” என்று கேட்டது வாலாம்பாள்.

“எட்டுன்னா உங்க நாத்தனார் கொடுக்கலாம். உறுப்பு தானக் கமிட்டி பேப்பர் எல்லாம் சரியானதும் தேதி போடறேன்.” சர்ஜன் ராகேலைப் பார்த்துத் தலையாட்டினார். “என்ன மேஜிக் பண்ணினீங்க?”

“மேஜிக் ஒண்ணும் இல்ல சார். அக்கா விரதத்த விட்டாங்க, மூணு ஸ்பூன் நெய் சாப்பிட்டாங்க,” என்றாள் ராகேல். “சோத்த ஒரு பிடியாக் கொறச்சு, சீனியப் பாக்காம இருந்தது அவங்கதான். நான் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.”

வெளியே வந்ததும் வாலாம்பாள் பத்மஜாவின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் பஸ் ஸ்டாப்வரை கூடவே நடந்தாள். பத்மஜாவும் பழையதை எடுக்கவில்லை. அன்று தெருமுனையில் நின்றிருந்த நாலு பேர் முன்னாலும் வாலாம்பாள் தலை குனியாமல் நடந்து வீட்டுக்குப் போனாள்.

பேப்பர்கள் சரியாகிச் சர்ஜன் தேதி போட்டபோது பத்மஜா காலண்டரைப் பார்க்கவில்லை. முந்தின நாளே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, இனி எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. தொண்டை காய்ந்து, வயிறு ஒட்டிக்கொண்டு, அவள் கட்டிலில் பச்சை கவுனோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையிலிருந்து அண்ணாவை முதலில் தள்ளிக்கொண்டு போவார்களா, தன்னையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

வாலாம்பாள் உள்ளே வந்தாள். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“பத்மூ, இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமோ?”

“என்ன நாள்?”

“ஏகாதசி.”

கொடுத்தப்புறம் இருக்கேன் என்று பத்மஜா சொன்னதைப் பத்மநாபன் அவ்வளவு நாள் தள்ளிப்போட விடவில்லை. கொடுக்கிற அன்றைக்கே வாங்கிக்கொண்டுவிட்டான்.

“மன்னி, நீங்கோ?”

“நானும் ஒண்ணும் சாப்பிடலே.”

“பலகாரம்?”

“அதுவும் இல்லே. தண்ணிகூட இல்லே.” வாலாம்பாள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நீ இருக்கும்போது நான் மட்டும் அவலைத் தின்னுண்டு உக்காந்திருப்பேனா? அன்னிக்கு நான் சொன்னது...”

“அதை விடுங்கோ. போய் சாப்பிடுங்கோ மன்னி. நாங்க ரெண்டு பேரும் கண் திறக்கும்போது பக்கத்துல நிக்க ஒருத்தர் வேணும். தலைசுத்தி விழுந்தா உங்களையும் சேர்த்து யார் பாக்கறது?” பத்மஜா அதட்டலாகவே சொன்னாள். “தோசை வேண்டாம். பயறு வாங்கிச் சாப்பிடுங்கோ.”

வாலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக நர்ஸ் வந்தாள். கையில் சோதித்து டிக் போடுகிற தாள். சேச்சி, எதுவும் சாப்பிடவில்லையே என்று மலையாளத்தில் கேட்டாள்.

“ஒண்ணும் சாப்பிடலே,” என்றாள் பத்மஜா.

அவள் வாழ்நாளில் எத்தனையோ ஏகாதசியில் அதைச் சொல்லியிருக்கிறாள். நர்ஸ் டிக் போட்டுக்கொண்டு கட்டிலின் பிரேக்கை எடுத்துவிட்டாள்.